டச்சியின் இடது காது

மரியகுழந்தையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி சரோஜா சிரித்தாள். "அவரப் பத்தி எழுத இன்னா கீது? கேட்டாண்ட நின்னாரு, வர்றவன் போறவன தடவுனாரு, ரிட்டயர் ஆனாரு." நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அவருடைய நாயின் காது வீங்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அப்படியே நினைத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

என் பெயர் ஆனந்தன். சுரங்க ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். காயத்தைக் கழுவுவது, கட்டுப் போடுவது, டாக்டர் கண்ணைக் காட்டினால் தையல் போடுவது, இவ்வளவுதான் என் உத்தியோகம். எனக்கு இரண்டு கெட்ட குணங்கள் உண்டு. ஒன்று, மூக்கு நுனியில் கோபம். இன்னொன்று, ஒரு விஷயத்தைப் பார்த்துவிட்டால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிகிற வரைக்கும் சோறு இறங்காது. நான் சொல்கிற சங்கதி நடந்தது 1961 நவம்பரில். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. இரண்டு குணங்களுக்கும் நல்ல இளமை.

மரியகுழந்தை, சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் கேட்டில் சோதனைக்காரர். தங்கச் சுரங்கத்தில் வேலை முடிந்து மேலே வருகிறவன் நேராக வீட்டுக்குப் போய்விட முடியாது. ஆட்களை மேலே தூக்கிவரும் கேஜ் வந்து நின்றதும் எல்லாரும் சோதனைக் கொட்டகைக்குள் வரிசையில் நிற்க வேண்டும். கையைத் தூக்க வேண்டும், வாயைத் திறக்க வேண்டும், நாக்கை மடக்கிக் காட்ட வேண்டும். மரியகுழந்தையின் விரல்கள் தலைமுடிக்குள் போகும், காது மடலுக்குப் பின்னால் போகும், காதுத் துளையை எட்டிப் பார்க்கும், புகையிலைப் பொட்டலத்தைப் பிரிக்கும், டிபன் கேரியரின் அடித்தட்டைத் தட்டிப் பார்க்கும். எல்லாம் முடிந்தால் தோளில் ஒரு தட்டுத் தட்டி "ஒண்ணுமில்ல, போ" என்பார். வயதானவர் என்றால் "போங்க." அந்த வார்த்தை வராமல் யாரும் வாசலைத் தாண்ட முடியாது. பத்தொன்பது வருஷமாக ஷிப்டுக்கு நூறு பேராவது அவர் கையைக் கடந்து வீட்டுக்குப் போனார்கள்.

எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. காரணம் கட்டு. கீழே கையை நசுக்கிக்கொண்டு வந்தவனுக்கு நான் மெனக்கெட்டுக் கட்டுப் போட்டு அனுப்பியிருப்பேன். மறுநாள் அவன் வேலைக்குப் போய்த் திரும்பும்போது இந்த மனிதர் கட்டை அவிழ்த்துப் பார்ப்பார். எப்போதோ எவனோ கட்டுக்குள் தங்கக் கல் வைத்துக் கடத்தினானாம். அதற்காக ஊரில் உள்ள அத்தனை கட்டுகளையும் அவிழ்ப்பதா? ஒருநாள் கேட்டுக்கே போய்ச் சத்தம் போட்டேன். அவர் கோபப்படவே இல்லை. "நீ கட்டுனது நல்ல கட்டுத்தான் தம்பி. ஆனா நான் பாக்கலியே" என்றார். திட்டிக்கொண்டே திரும்பி வந்தேன்.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. காக்கித் தொப்பியில் எப்போதும் ஒரு பெரிய ஊசியும் நூலும் குத்தியிருக்கும். இரட்டைத் துணியாகத் தைத்த எந்தச் சட்டையையும் அவர் உள்ளே விடமாட்டார். இரண்டு துணிக்கு நடுவே கள்ளப்பை வைப்பது சுலபம் என்பது அவர் கணக்கு. குளிருக்கு உள்துணி வைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு எவனாவது வந்தால், அதைக் கழற்றி வாங்கி மடியில் போட்டு, மேல்துணியையும் உள்துணியையும் சேர்த்துப் பிடித்து வரிசை வரிசையாகத் தையல் ஓட்டிக் கொடுத்துவிடுவார். அதற்கப்புறம் அந்தக் கோட்டில் ஒரு குன்றிமணியைக்கூட ஒளிக்க முடியாது. சுரங்கத்துக்குள் மரமுட்டுக் கொடுக்கும் வேலை பார்த்த வேலு, மாமனார் வீட்டில் போட்ட கல்யாணக் கோட்டைப் பெருமையாக மாட்டிக்கொண்டு வந்த முதல் நாளே அந்தக் கோட்டுக்கும் இந்தக் கதிதான் ஆயிற்று. அன்றிலிருந்து வேலு மரியகுழந்தையின் முகத்தில் விழிப்பதில்லை. சோதனையின்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்பான்.

இப்படிப்பட்டவருக்குத் தொழிலாளர் லைனில் சிநேகிதம் எப்படி இருக்கும்? பகலில் யாருடைய இடுப்பைத் தடவினாரோ, அவனே சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரன். ஊரிகம் குடியிருப்பில் அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே வரிசை. கல்யாணத்துக்குப் பத்திரிகை வரும், போனால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலும் கடைசி பெஞ்சு. பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவரும், மனைவி லூயிசாவும், டச்சியும்தான்.

டச்சி ஒரு நாய். கம்பெனி கைமாறி, பங்களாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் சீமைக்குக் கப்பல் ஏறியபோது விட்டுப்போன பெட்டை நாய்க்கும், யாரென்று தெரியாத ஏதோ உள்ளூர் நாய்க்கும் பிறந்தது. உடம்பு லைன் நாய் மாதிரி ஒல்லி. காது மட்டும் பங்களா நாயுடையது. கன்னத்தில் தொங்கி, நடக்கும்போது இரண்டு பக்கமும் ஆடும். தாய்க்கு என்னவோ ராணி மாதிரி பெரிய பெயராம், அதைச் சுருக்கி மகளை டச்சி ஆக்கிவிட்டார்கள். தினமும் மரியகுழந்தையோடு கேட்டுக்கு வரும். தைல மரத்தடியில் படுத்திருக்கும். சலித்துப்போனால் கேட்டுக் கம்பிக்கு அடியில் நுழைந்து, ஷாஃப்ட் முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதே வழியாக வெளியே வரும். இதை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை, அந்த நவம்பர் வரைக்கும்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மரியகுழந்தை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் டச்சி. "தம்பி, கோவம் இருந்தா அப்பறமா திட்டிக்க. இத்த கொஞ்சம் பாரு" என்றார். இடது காது பூரி மாதிரி உப்பியிருந்தது. தொட்டால் சூடு. அமுக்கினால் உள்ளே தளதளவென்று ஆடியது. நாய் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, நடுநடுவே படபடவென்று தலையை உதறியது. லூயிசா அக்காள் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தாள். அது சுவரெல்லாம் தெறித்தது.

ராபர்ட்சன்பேட்டை மாட்டாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். டாக்டர், மாடுகளுக்கு வெக்கை நோய் ஊசி போடக் கிராமங்களுக்குப் போயிருந்தார், வர மூன்று நான்கு வாரம் ஆகும் என்றார்களாம்.

எனக்கு எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு. "இது சீழ்க்கட்டி" என்றேன். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து சிரிஞ்சும் ஊசியும் கொண்டுவந்து, கதவைச் சாத்திவிட்டு, குத்தி இழுத்தேன். வந்தது சீழ் இல்லை, ரத்தம். நல்ல சிவப்பு ரத்தம், சிரிஞ்சு நிறைய. காது தட்டையாகிவிட்டது. டச்சி என் கையை நக்கியது. மரியகுழந்தை தலையைச் சொறிந்தார்.

"கடிச்ச தடம் இல்ல, அடிபட்ட தடம் இல்ல. ரத்தம் எங்கருந்து வந்துச்சு?"

அதே கேள்விதான் எனக்கும். சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை மதியம் காது மறுபடி நிறைந்துவிட்டது. சாயங்காலம் இழுத்தேன், தட்டையானது. வியாழன் மதியம் நிறைந்தது. இப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் ஓடியது. சுரங்கத்தில் பம்ப் வைத்து இறைத்தாலும் ஊறிக்கொண்டே இருக்கிற குழி மாதிரி நானும் இறைக்கிறேன், அதுவும் ஊறுகிறது. ஆஸ்பத்திரி சிரிஞ்சை நாய்க்கு எடுத்தது தெரிந்தால் என் சீட்டு கிழியும் என்பதால் எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல நடந்தது. அதுதான் தப்பாகப் போயிற்று.

சரோஜா குழாயடியிலிருந்து வந்து குடத்தை ணங்கென்று வைத்தாள். "நம்ம வூட்டுல தங்கம் உருக்கறீங்களாமே? எங்க வச்சிகீறீங்க, எனுக்கும் ரெண்டு வளையல் பண்ணுங்க."

குழாயடியில் பரவியிருந்த கதை இதுதான். நாய் கேட்டுக்குள் போகிறது. உள்ளே யாரோ கூட்டாளி அதன் காதுத் தோலைக் கீறி, தங்கம் ஓடும் கல்லை உள்ளே வைக்கிறான். மதியம் இரண்டு மணிச் சங்குக்கு நாய் வெளியே வரும்போது காது குண்டாக இருக்கிறது. சாயங்காலம் மரியகுழந்தை அதை டிரஸ்ஸர் வீட்டுக்குத் தூக்கிப் போகிறார். கதவு சாத்தப்படுகிறது. கதவு திறக்கும்போது காது தட்டை. உலகத்தையே தடவுகிற மனிதரின் நாயை யார் தடவுவார்கள்?

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, ஆச்சரியம். எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது! நானே வெளியாளாக இருந்தால் நம்பியிருப்பேன். வேறெந்த ஊரிலாவது நாயின் காது வீங்கினால் காது வீங்கியது என்பார்கள். எங்கள் ஊரில்தான் உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று கேட்பார்கள். கதையை முதலில் சொன்னது வேலு என்று தெரிந்த பிறகுதான் கோபம் வந்தது.

கேட்டுக்குத் தலைமை ஜமேதார் அப்பாதுரை. கறார், ஆனால் கெட்டவர் இல்லை. அவருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போயிற்று. மரியகுழந்தையைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சனிக்கிழமை ரெண்டு மணி ஷிப்டுக்கு நாயக் கொண்டாங்க. எல்லார் எதிர்லயும் காதத் திறந்து பாத்துடலாம். எதுனா இருந்துச்சின்னா உங்களுக்கும் வேல இல்ல, அந்த டிரஸ்ஸருக்கும் இல்ல. மாட்டேன்னீங்கன்னா இருக்குதுன்னுதான் அர்த்தம்."

வியாழக்கிழமை சாயங்காலம் மரியகுழந்தை என் வீட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் டச்சி. நான் கொதித்துக்கொண்டிருந்தேன். "நாங்க ஒண்ணும் வைக்கலன்னு மாதா மேல சத்தியம் பண்ணிட்டு வாங்கண்ணே! இன்னாத்துக்கு ஊரக் கூட்டி அறுக்கணும்?"

அவர் நிதானமாகச் சொன்னார்: "நான் வைக்கல. அது எனக்குத் தெரியும். ஆனா நாய் உள்ள போயிட்டு வருது. வேற எவனாவது வச்சானா இல்லியான்னு எனக்குத் தெரியாதே. கையால பாக்காத எதையும் நான் ஒண்ணுமில்லன்னு சொன்னதில்ல தம்பி. என் நாய்க்கு மட்டும் எப்பிடிச் சொல்றது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊர் அவரைச் சந்தேகப்படுகிறது என்று நான் குதித்துக்கொண்டிருக்க, அவர் தன் நாயையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் அவரிடம் இருந்த சொத்து ஒன்றே ஒன்றுதான். மரியகுழந்தை தப்புப் பண்ணமாட்டார் என்கிற பேர். அவரைப் பிடிக்காதவர்கள்கூட அதை மறுத்ததில்லை. அதுதான் சனிக்கிழமை மேஜைக்கு வரப்போகிறது. அது போனால் வேலை போகும், வேலை போனால் லைன் வீடும் போகும், அதெல்லாம் அப்புறம். அந்தப் பேர் இல்லாமல் அவர் யார்?

அவர் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தடவ ஆரம்பித்தார். கொட்டகையில் தடவுகிற மாதிரியே, கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் ஒரு பக்கம். அவ்வளவு அருகில் உட்கார்ந்து அந்த விரல்களை நான் அதுவரை பார்த்ததில்லை. அவசரமே கிடையாது. ஒரு அங்குலத்தைக்கூட விடவில்லை.

"இது கட்டி இல்ல தம்பி" என்றார். "கட்டின்னா அடியில கெட்டியா புடிச்சிகினு இருக்கும். இது பை. வெளித்தோலும் உள்தோலும் தனித்தனியா பிரிஞ்சி வழுக்குது. கோட்டுத் துணியும் உள்துணியும் மாதிரி."

"சரி, பைதான். அதத்தான் தினமும் காலி பண்றனே."

"கள்ளப்பைய காலி பண்ணா ஆச்சா? நாளைக்கி மறுபடியும் வைப்பான். பையே இல்லாம பண்ணணும்." தொப்பியைக் கழற்றி, அதிலிருந்த ஊசியை என்னிடம் காட்டினார். "ரெண்டு துணியையும் சேத்துத் தைச்சிட்டா?"

நான் அந்த ஊசியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மூன்று வருஷம் ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தவன் நான். மண்டை பிளந்தவனுக்கெல்லாம் தையல் போட்டிருக்கிறேன். வெறும் இடம் இருக்கிறவரை அது நிரம்பத்தான் செய்யும், இடத்தையே மூடிவிட்டால் தோலும் தோலும் ஒட்டிக்கொள்ளும் என்பது எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்? எப்படியும் சனிக்கிழமை காதைத் திறக்கத்தான் போகிறார்கள். திறப்பதை முறையாகத் திறந்து முறையாகத் தைத்தால் என்ன?

வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் போய் சிரிஞ்சு திருடியதிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். திட்டு விழும் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மரத்துப்போவதற்கான மருந்து இரண்டு குப்பியும், பட்டு நூலும் கொடுத்தார். அப்புறம் ஏதோ யோசித்து, கழித்துப் போட்ட பழைய எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்றை எடுத்து நீட்டினார். "இதப் பட்டையா வெட்டி, கழுவி, காதுக்கு ரெண்டு பக்கமும் வச்சுத் தை. இல்லன்னா நூல் தோல அறுத்துடும்." யாரோ ஒரு தொழிலாளியின் நெஞ்சுப் படம் அது. விலா எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. அதைக் கத்தரிக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது.

சனிக்கிழமை இரண்டு மணிச் சங்கு ஊதியது. வழக்கமாகச் சோதனை முடிந்ததும் ஓடுகிற கூட்டம் அன்றைக்கு ஒரு ஆள்கூட நகரவில்லை. தலையில் விளக்கோடு, மேலெல்லாம் கல் தூசியோடு, கொட்டகையைச் சுற்றி நின்றார்கள். பலகை மேஜை மேல் வெள்ளைத் துணி. டச்சியின் வாயை பாண்டேஜ் துணியால் கட்டியிருந்தேன். காது அன்றைக்கு என்றுமில்லாத அளவுக்கு உப்பியிருந்தது.

"நாயப் புடிக்க வெளியாள் ஒருத்தர் வாங்க. அப்பறமா கண்ணக் கட்டிட்டாங்கன்னு யாரும் பேசக் கூடாது" என்றார் ஜமேதார்.

வேலு முன்னால் வந்தான். தங்கத்தை முதலில் பார்ப்பது தானாக இருக்க வேண்டும் என்ற ஆசை அவன் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. வந்தவன் டச்சியை மார்போடு அணைத்துப் பிடித்தான். அது நடுங்கியது. "ஏய், சும்மா இரு, சும்மா இரு" என்று அவனை அறியாமலே அதன் முதுகை நீவிக் கொடுத்தான்.

மருந்தைப் போட்டுக் கொஞ்சம் பொறுத்து, காதின் உள்பக்கம் நீளவாக்கில் கீறினேன். குபுக்கென்று ரத்தம் எனாமல் தட்டில் விழுந்தது. கூடவே ஈரல் துண்டு போல உறைந்த கட்டிகள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஜமேதார் தட்டைத் தன் பக்கம் இழுத்து, தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு கட்டியையும் குச்சியால் உடைத்துப் பார்த்தார். மரியகுழந்தையும் குனிந்து பார்த்தார். எல்லாரையும்விட அவருக்குத்தான் தெரிய வேண்டியிருந்தது.

கல் இல்லை. தூள் இல்லை. ரத்தம் மட்டும்தான்.

"இவ்ளோதானா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். குரலில் அப்படி ஒரு ஏமாற்றம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜமேதார் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, முடிஞ்சிது, எல்லாரும் கலையலாம்" என்றார்.

"இருங்க ஜமேதார் சார்" என்றார் மரியகுழந்தை. "இன்னும் முடியல."

எல்லாரும் திரும்பினார்கள்.

"காதுன்னா மடல் மட்டுமா? ஒரு ஆளயாவது நான் காதுக்குள்ள பாக்காம அனுப்பினேனா? இத்த மட்டும் எப்பிடி வுடறது?"

அவர் காதின் அடிப்பகுதியைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே போனார். ஒரு இடத்தில் டச்சி துள்ளியது. கட்டிய வாய்க்குள்ளேயே முனகியது. "இங்க எதுவோ கீது தம்பி" என்றார். வேலு தன் தலைவிளக்கைக் குனிந்து காட்டினான். துளையில் கறுப்பாக அழுக்கு. மெல்லிய இடுக்கியை உள்ளே விட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு எதையோ கவ்வி இழுத்தேன். வந்தது ஊசிப்புல்லின் விதை. கொக்கி மாதிரி முள்முள்ளாக ஒரு முனை, அதன் பின்னால் முறுக்கிய வால். தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டு ஓரமெல்லாம் அந்த மாதத்தில் முற்றி நிற்குமே, வேட்டியில் குத்திக்கொண்டு வருமே, அதே புல். உள்ளங்கையில் வைத்தேன். நூறு பேர் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. மூன்று வாரமாக ஊசி போட்டு இழுத்தேனே தவிர, நாய் ஏன் தலையை உதறுகிறது என்று ஒருநாளும் துளைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பின்னால் மாட்டாஸ்பத்திரி டாக்டர் திரும்பி வந்ததும் அவரிடமும் கேட்டேன். அதேதான் என்றார். உள்ளே எதுவோ குத்துகிறது, நாய் உதறுகிறது, சொறிகிறது. நீளக் காது போய்ப் போய் மண்டையில் அடிபடுகிறது. தோலுக்கு உள்ளே சின்ன ரத்தக்குழாய் உடைகிறது. வெளியே காயம் இருக்காது, ரத்தம் தோலுக்கு நடுவிலேயே தேங்கும். சில நாய்க்குப் பூச்சி, சில நாய்க்குச் சீழ், இதற்குப் புல். உதறுவதை நிறுத்தாமல் காதை மட்டும் வைத்தியம் பார்த்துப் பிரயோசனம் இல்லை என்றார். மரியகுழந்தை இதைக் கேட்டு, "நான் அத்தத்தான சொன்னேன்" என்றதுகூட இல்லை. நானாக இருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்.

அங்கேயே தைத்தேன். ஃபிலிம் பட்டைகளை இரண்டு பக்கமும் வைத்து, ஊசியைக் காது முழுக்க ஊடுருவ விட்டு, மூன்று வரிசை. மரியகுழந்தை பக்கத்தில் நின்று மேஸ்திரி வேலை பார்த்தார். "நீளவாக்குல போ. இறுக்காத தம்பி, இறுக்குனா சுருங்கிப்பூடும். கீறலோட வாய முழுசா மூடாத, மிச்சம் மீதி இருந்தா வடியட்டும்." வேலு தையலையே பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று, "என் கோட்டுக்கும் இதே தையல்தான்" என்றான். யாரோ சிரித்தார்கள். மரியகுழந்தைகூட லேசாகச் சிரித்தார் என்று நினைக்கிறேன். காதை மடக்கித் தலையோடு சேர்த்துக் கட்டுப் போட்டு முடித்தேன்.

அத்தோடு எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மரியகுழந்தை தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஜமேதார் முன்னால் போய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

"இன்னாப்பா இது?"

"நாயப் பாத்துட்டீங்க. என்ன யாரும் பாக்கலியே. கடுதாசில என் பேருந்தான இருந்துச்சு."

"அதெல்லாம் வேணாம், கைய எறக்குங்க" என்றார் ஜமேதார். மரியகுழந்தை இறக்கவில்லை. மற்ற மூன்று சோதனைக்காரர்களும் தரையைப் பார்த்தார்கள். யாருக்கும் அவர் மேல் கை வைக்கத் துணிவில்லை. நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது.

வேலு டச்சியை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் போனான். கையில் நாயின் ரத்தம் இருந்தது. அதைச் சட்டையில் துடைத்தான். அப்புறம் தடவினான். தலைமுடி, காது மடலுக்குப் பின்னால், அக்குள், இடுப்பு மடிப்பு. அவனுக்குத் தெரிந்த முறை அவரிடம் கற்றதுதானே, ஒன்றையும் விடாமல் அதே வரிசையில் செய்தான். வாயைத் திறக்கச் சொல்லவில்லை, அவராகவே திறந்து நாக்கை மடக்கிக் காட்டினார். எல்லாம் முடிந்ததும் தோளில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினான்.

"ஒண்ணுமில்ல. போங்க."

மரியகுழந்தை நகரவில்லை. கை இறங்கியது, கால் நகரவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. "பத்தொம்போது வருஷமா எத்தினி பேருக்குச் சொல்லியிருப்பேன்" என்றார் என்னைப் பார்த்து. "எனுக்கு யாரும் சொன்னதில்ல தம்பி."

"போன்னா போகணும்ண்ணே, பின்னால வரிச நிக்குதில்ல!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கொட்டகையே சிரித்தது. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டச்சியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, கேட்டைத் தாண்டி வீட்டுக்கு நடந்தார்.

அதற்கப்புறமும் ஒன்பது வருஷம் அவர் அதே கேட்டில்தான் இருந்தார். அதற்காக ஒரே நாளில் எல்லாரும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவில்லை. தடவுகிற கை தடவுகிற கைதான். ஆனால் வேலுவின் முதல் பிள்ளைக்குத் தொட்டில் போட்டபோது லூயிசா அக்காளும் அவரும் பந்தியில் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்தேன். டச்சியின் தையலை இருபதாம் நாள் பிரித்தேன். காது திரும்பவும் வீங்கவே இல்லை. நுனி மட்டும் கொஞ்சம் சுருங்கி ஒரு பக்கமாக நின்றது. கேட்டுக் கம்பிக்கு அடியில் நுழைகிற பழக்கத்தை அது விடவில்லை, ஆனால் வெளியே வந்ததும் தானாகவே வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதையும் அவர் காதோடு தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்.

நான் நினைத்துக்கொள்வது அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமையை. டச்சி தலையில் பெரிய கட்டோடு கேட்டுக்கு வந்திருந்தது. எப்படி இருக்கிறது என்று பார்க்க நானும் போயிருந்தேன். இரண்டு மணிச் சங்கு ஊதியது. ஷிப்டு முழுக்க வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மரியகுழந்தை தன் நாயைத் தூக்கி மேஜை மேல் வைத்து, நான் அரை மணி நேரம் மெனக்கெட்டுப் போட்டிருந்த கட்டைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். உள்ளே பார்த்தார். "ஒண்ணுமில்ல, போ" என்றார். எனக்குச் சுருக்கென்று வந்த கோபம் வந்த வழியே போயிற்று. பாண்டேஜ் சுருளை அவர் கையிலிருந்து வாங்கி, மறுபடியும் முதலிலிருந்து கட்ட ஆரம்பித்தேன்.